நட்சத்திரம் இருந்த இடம்

மஅல்லா, ஏடன்
4 பிப்ரவரி 1990

வாஸி,

டாக்சி மஹ்யூப் நேற்று உன் கடிதத்தையும் திராட்சை வற்றலையும் கொடுத்துவிட்டுப் போனான். பொட்டலம் இளைத்துப் போயிருந்தது. கேட்டால், “மலைப்பாதையில குலுங்கிக் குலுங்கிச் சுருங்கிப் போச்சு, அக்கா” என்கிறான். மலைப்பாதை மேல் பழி போடும் ஆள் இவன் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

வடக்கு யெமனும் தெற்கு யெமனும் சேரப் போகும் பேச்சு எங்கள் தையல் தொழிற்சாலை வரை வந்துவிட்டது. இனிமேல் ராணுவச் சட்டை பாதி, கொடி பாதி என்று மேலாளர் சொல்லிவிட்டார். சிவப்பு, வெள்ளை, கறுப்பு, அவ்வளவுதான். உங்கள் பச்சை நட்சத்திரமும் போகிறது, எங்கள் நீல முக்கோணமும் அதிலிருக்கும் சிவப்பு நட்சத்திரமும் போகின்றன. என் வெட்டு மேசையில் இருக்கும் நாதிராவை உனக்குத் தெரியுமே, அவளுக்கு உடனே ஒரு யோசனை. “பழைய கொடியில முக்கோணத்த மட்டும் வெட்டிட்டா போச்சு. புதுத் துணி எதுக்குக்கா?” வெட்டிப் பார் என்றேன். வெட்டித் தூக்கிப் பிடித்தாள். கொடி மீன்வாலாகத் தொங்கியது. “இத ஏத்துனா ஏடன் காக்கா எல்லாம் சிரிக்கும்” என்று அவளே மடித்து மேசைக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

இங்கிலீஷ்காரனின் பாய்மரக் கப்பல் கொடியின் கீழ் பிறந்தேன். பள்ளிக்கூடத்தில் பிறை போட்ட கொடிக்கு முன்னால் வெயிலில் நிற்கவைத்தார்கள். உன்னைக் கல்யாணம் செய்த அன்று நகரமெங்கும் சிவப்பு நட்சத்திரம். இது எனக்கு நான்காவது. வீடு மட்டும் அதே மூன்றாம் மாடி, அதே ஒழுகும் குழாய்.

ஒன்றாகிவிட்டால் நீ திரும்பி வரலாம் இல்லையா? எண்பத்தாறு ஜனவரிச் சண்டையில் தோற்று வடக்கே ஓடியவர்கள் பக்கம் நீ இருந்தாய் என்று அதற்குப் பிறகும் யார் கணக்குப் பார்க்கப் போகிறார்கள்? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எதையாவது துவைத்துக்கொண்டே இருக்கிறேன். அறையில் தனியாகக் கிடந்து கடையில் வாங்கிய மொச்சையையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஷஃபீகா


ஸனா
19 பிப்ரவரி 1990

ஷஃபீகா,

வருவேன். அரசு விழாப் பிரிவில் இருப்பவனுக்கு இந்த வருஷம் ஏடன் போகாமல் தீராது. நவம்பரில் இணைப்பு என்கிறார்கள். அன்றைக்குக் கொடியோடு வருவேன், நீ பால்கனியிலிருந்து பார்.

இங்கே அலுவலகத்தில் ஒரே ரகளை. நட்சத்திரத்தை எடுக்கக் கூடாது என்று ஒருவர். அறுபத்திரண்டில் இமாமின் வாள் போட்ட சிவப்புக் கொடியை இறக்கி இதை ஏற்றியபோது பக்கத்தில் நின்றவராம். “எங்க ரத்தம்யா அது” என்றார். இன்னொருவர், “ரத்தம் சிவப்புல இருக்கு ஹாஜி, நட்சத்திரம் பச்சைதானே” என்றார். அன்று மதியம் கூடி உட்கார்ந்து காத் இலை மெல்லும்போதும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

எங்கள் கிடங்கில் பழைய கொடி மூட்டை மூட்டையாக இருக்கிறது. நட்சத்திரத்தைப் பிரித்துவிட்டு அதையே பயன்படுத்தலாம் என்று எங்கள் தலைவர் பிடிவாதமாக இருக்கிறார். ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து நானே உட்கார்ந்து பிரித்தேன். கொஞ்சம் கிழிந்தது, சரிசெய்துவிட்டேன். மஹ்யூபிடம் கொடுத்தனுப்புகிறேன். இதன் சிவப்பு உங்கள் சிவப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல். இரண்டு பக்கத்துக் கொடியும் ஒரே வரிசையில் நின்று வெவ்வேறு நிறம் காட்டினால் என் தலைதான் உருளும்.

இணைப்புக்குப் பிறகு தலைநகரம் ஸனாதான். நீயும் இங்கே வந்துவிடுவதைப் பற்றி யோசி. குளிர் பழகிவிடும்.

உன் வாஸி


மஅல்லா
9 மார்ச் 1990

வாஸி,

உங்கள் சிவப்பு, முந்தாநாள் அரைத்த மிளகாய்த் துவையல். எங்களுடையது இன்று காலை அரைத்தது. ஒத்துப்போகவே போகாது. உங்கள் தலைவரிடம் சொல்: பழசைப் பிரிக்க வேண்டாம், இரண்டு ஊரும் ஒரே சாயத் துணியில் புதிதாகத் தைக்கட்டும். பிரித்தாலும் பலனில்லை. ஜன்னலில் பிடித்தேன், நட்சத்திரம் இருந்த இடம் சுற்றியுள்ள வெள்ளையைவிடப் பளிச்சென்று ஐந்து முனையோடு தெரிகிறது. ஊசித் துளைகள் வழியே வெயில் வருகிறது.

இன்னொன்று. கீழ் முனையில் கிழிந்த இடத்தில் இழை ஓட்டி நெய்ததுபோல அடைத்திருக்கிறதே, அது யார் வேலை? நீ உன் சட்டைப் பொத்தானைக் கோட்டோடு சேர்த்துத் தைத்துவிட்டு இரண்டையும் ஒன்றாகக் கழற்றிய ஆள்.

நாதிராவிடம் காட்டினேன். “யாருக்கா இது, நம்ம மெஷினே பிச்சை வாங்கணும்” என்றாள்.

யார்?

ஷஃபீகா


ஸனா
20 மார்ச் 1990

ஷஃபீகா,

கடைத்தெருவில் ஒரு தையல்காரரிடம் கொடுத்தேன். கிழவர், கண்ணாடி போட்டவர், பெயர் கேட்கவில்லை. நீ சிவப்பைப் பற்றி எழுதியதைத் தலைவரிடம் சொன்னேன், முனகினார், ஆனால் கேட்டுக்கொள்வார் போலிருக்கிறது.

நோன்பு வருகிறது. வேலை அதிகம். பிறகு விரிவாக எழுதுகிறேன்.

வாஸி


மஅல்லா
2 ஏப்ரல் 1990

வாஸி,

கண்ணாடி போட்ட கிழவர் நன்றாக இருக்கட்டும். அவர் இடக்கையால் தைப்பவரா என்று கேட்டுச் சொல்கிறாயா?

அந்த இழை எல்லாம் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்கிறது. இடக்கைக்காரர் தைத்தால்தான் அப்படி வரும். முடிச்சுப் போடாமல், நூலின் முனையைத் தையலுக்குள்ளேயே திருப்பி ஓட்டி மறைத்திருக்கிறது. இந்தக் கையை எனக்குத் தெரியும். என் கல்யாண உடுப்பின் கைவிளிம்பில் இருக்கிறது. நேற்று நோன்பு திறந்ததும் பெட்டியிலிருந்து எடுத்து, உன் கொடியைப் பக்கத்தில் விரித்துப் பார்த்தேன். உன் அண்ணன் மனைவி ஹூரிய்யா, நம் கல்யாணத்துக்கு வந்தவள், கை விளிம்பு தளர்ந்திருக்கிறது என்று என்னை நிற்கவைத்தே தைத்தாள். “அசையாத, குத்திடும். ஏடன்காரிக்கு ஒரு இடத்துல நிக்கவே தெரியாதா?” என்று திட்டினாள். அன்றைக்கு எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

உன் அண்ணன் முனீர் விபத்தில் இறந்தபோது நீ எழுதினாய்: அண்ணியும் பிள்ளைகளும் ஊரில் அப்பாவிடம் இருக்கிறார்கள் என்று. நீ ஸனாவில் தனி அறை என்று. அவள் உன் வீட்டில் இருந்தால் அதை ஏன் மறைக்க வேண்டும்? அண்ணன் மனைவிக்கு இடம் கொடுத்தவனைத் தவறாக நினைப்பவளா நான்? மறைத்ததால் கேட்கிறேன்.

எண்பத்தெட்டிலிருந்து அடையாள அட்டை இருந்தால் போதும், எல்லை தாண்டலாம். நான் வருகிறேன் என்ற ஒவ்வொரு தடவையும் பாதை சரியில்லை, குளிர், அறை சின்னது என்று எழுதினாய். அந்தக் கடிதங்களை இன்று வரிசையாக வைத்துப் படித்தேன்.

நேராகச் சொல்.

ஷஃபீகா


ஸனா
24 ஏப்ரல் 1990

ஷஃபீகா,

பெருநாளுக்கு முன் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வருகிறேன், மறுபடி உட்காருகிறேன்.

ஆமாம். முனீர் போன அடுத்த வருஷம் அப்பா சொன்னார், “பிள்ளைங்கள வேற வீட்டுக்கு அனுப்பணுமா? நம்ம ரத்தம் இல்லியா? நீ ஒருத்தன் இருக்கும்போது அவ எங்க போவா?” எங்கள் ஊரில் இது எல்லாரும் செய்வது. நான் மறுத்துப் பார்த்தேன். ஒரு மாதம் அவர் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. ஹூரிய்யாவும் அழுதாள், அவளுக்கும் இதில் ஆசை ஒன்றுமில்லை. பிறகு நிக்காஹ் நடந்தது. நட்சத்திரத்தைப் பிரித்தவன் நான்தான், அது பொய்யில்லை. கிழித்ததும் அவள் வாங்கி அடைத்தாள். யாருக்கு அனுப்பப் போகிறேன் என்று கேட்டாள், சொன்னேன். அவள் தைத்துக் கொடுத்தாள்.

உன்னை விட்டு ஒரு நாள்கூட மனம் விலகவில்லை. நீ நம்பமாட்டாய், இருந்தாலும் எழுதுகிறேன்.

ஒரு நல்ல செய்தி. நவம்பர் இல்லை, மே மாதமே இணைப்பு, இருபத்திரண்டு என்று பேச்சு. உங்கள் ஏடன் சட்டப்படி நான் செய்தது நீதிமன்றத்தைக் கேட்காமல் செய்த குற்றம் என்று தெரியும். அதனால்தான் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை. ஒரே நாடு, ஒரே சட்டம் ஆகிவிட்டால் இதில் குற்றம் என்று ஒன்றுமில்லை. அதன் பிறகு நானே வந்து உன் முகத்துக்கு நேரே சொல்ல நினைத்திருந்தேன். இன்னும் நான்கு வாரம்தான், ஷஃபீகா. பொறு.

வாஸி


மஅல்லா
30 ஏப்ரல் 1990

வாஸி,

இன்னும் நான்கு வாரம்தான் என்று எழுதியிருக்கிறாய். நீ எனக்கு நாள் சொல்லவில்லை, கெடு சொல்லியிருக்கிறாய். என்னிடம் பேசுவதற்கு முன் எனக்கிருக்கும் சட்டம் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தாய். அதற்கான கொடியை நான் வெட்டிக்கொண்டிருந்தேன். சிவப்பு ஒத்துப்போகிறதா என்று வேறு என்னிடம் கேட்டாய்.

நேற்று நீதிமன்றத்துக்குப் போனேன். மணவிலக்கு கேட்டு மனு கொடுத்துவிட்டேன். நீதிபதி ஒரு பெண், என்னைவிட இளையவள், மின்விசிறிக் காற்றில் மேசையில் எல்லாக் கோப்பும் ஆடிக்கொண்டிருக்க, அவள் மட்டும் ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். “இருபத்திரண்டுக்கு அப்புறம் என்ன சட்டம்னு எனக்கே தெரியாதும்மா. யாரும் சொல்லல. நீங்க வேகமா செய்யுங்க, நானும் வேகமா செய்றேன்” என்றாள். அனுமதியில்லாமல் இரண்டாவது கல்யாணம் செய்ததற்குச் சான்று வேண்டும். நீ வடக்கில் இருக்கிறாய், சம்மன் போய்த் திரும்ப மாதங்கள் ஆகும். நீயே சாட்சிக் கையெழுத்தோடு ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தால் ஏற்பாளாம். எனக்கு எழுதிய கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்: “இது வீட்டுக்காரிக்கு எழுதுனது. எனக்கு எழுதச் சொல்லுங்க.”

முதலில் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசிக்கிறேன். ஒருவேளை சரி என்றிருப்பேன். நீ கேட்காததால் அது எனக்கே தெரியாமல் போய்விட்டது.

எழுதி அனுப்பு.

ஷஃபீகா


ஸனா
9 மே 1990

ஷஃபீகா,

எழுதமாட்டேன். இப்படி ஒரு காகிதத்தில் என் கையை வெட்டிக் கொடு என்று கேட்காதே. இரண்டு வாரத்தில் நானே ஏடனில் இருப்பேன். நாலாண்டு பொறுத்தவள் இரண்டு வாரம் பொறுக்கக் கூடாதா? முகத்தைப் பார்த்தால் நீ இப்படிப் பேசமாட்டாய். ஸனாவில் உனக்குத் தனி வீடு பார்த்திருக்கிறேன், ஜன்னலில் வண்ணக் கண்ணாடி போட்டது. ஹூரிய்யா உன் வழிக்கு வரவே மாட்டாள்.

இங்கே எனக்குத் தூக்கமில்லை, வேலை ஓடவில்லை. கொடியை மடிக்கச் சொன்னால் தலைகீழாக மடிக்கிறேன். கறுப்பு மேலே வந்துவிட்டது, தலைவர் எல்லார் முன்னாலும் கத்தினார்: “நட்சத்திரம் போனதும் உனக்கு மேல் எது கீழ் எதுன்னே தெரியாமப் போச்சா?”

பொறு.

வாஸி


மஅல்லா
13 மே 1990

வாஸி,

வண்ணக் கண்ணாடி நல்லது. அதன் வழியாகப் பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் தெரியும்.

தொழிற்சாலையில் வெட்டிய நீல முக்கோணங்கள் ஒரு மூலையில் குவிந்து கிடக்கின்றன. யாருக்கும் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. “குப்பைல போட்டா இன்னிக்கு கேஸு, வச்சிருந்தா இருபத்திரண்டுக்கு மேல கேஸு” என்கிறாள் நாதிரா. நானும் அந்தக் குவியல்போலத்தான் இருக்கிறேன். இன்றைக்கு ஒரு சட்டத்தில், நாளைக்கு எதில் என்று தெரியாமல். நீ முகத்தைப் பார்த்துப் பேச வருகிறாய். நான் உன் முகத்தைப் பார்த்தால் இளகிவிடுவேன் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அதனால்தான் அதற்கு முன்பே கேட்கிறேன்.

கடைசி அமர்வு இருபதாம் தேதி. மஹ்யூப் வியாழக்கிழமை ஸனாவிலிருந்து கிளம்புகிறான். ஷேக் உஸ்மான் டாக்சி நிலையத்தில் காத்திருப்பேன்.

உன்னால் என்னை நிறுத்திவைக்க முடியும். முடியும் என்பதற்காகச் செய்துவிடாதே. இதற்கு மேல் கெஞ்ச எனக்கு வராது.

ஷஃபீகா


ஸனா
17 மே 1990

ஷஃபீகா,

மஹ்யூப் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான்.

நீ கேட்ட வாக்குமூலம் இதோடு இருக்கிறது, இரண்டு சாட்சிக் கையெழுத்தும் இருக்கிறது. ஒன்று, நட்சத்திரத்தை எடுக்காதே என்று சண்டை போட்டாரே, அந்த ஹாஜியுடையது. படித்துவிட்டு, “நீ எழுதறது சரியான்னு தெரியல தம்பி. ஆனா உண்மைன்னு தெரியுது” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

எழுதச் சொன்னது ஹூரிய்யா. நேற்று உன் கடிதத்தை நான் மேசையில் விட்டிருந்தேன். படித்திருக்கிறாள். “என்னையும் யாரும் கேக்கல. அவளாவது கேக்குறா, குடுத்துடு” என்றாள். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்.

இது போகாமல் பார்த்துக்கொள்ள எனக்கு ஆயிரம் வழி இருந்தது. மஹ்யூபுக்கு ஒரு கட்டு காத் இலை வாங்கிக் கொடுத்தால் போதும், மென்றுகொண்டே வழியில் எங்காவது சாய்ந்துவிடுவான். வாங்கவில்லை.

அவன் மறுபடி அடிக்கிறான்.

வாஸி


ஸனா
11 ஜூன் 1990

ஷஃபீகா,

தீர்ப்பின் நகல் வந்தது. பழைய முத்திரைதான் குத்தியிருக்கிறது, தேதியும் சரியாக இருபது. விழாவுக்கு ஏடன் வந்தபோது நீ கொடுத்த தேநீருக்கு நன்றி. வீட்டுச் சாவி என் பையில் இருந்தது, உனக்குத் தெரிந்திருக்கும். படியேறி முடியும் வரை கையில் பிடித்துக்கொண்டே வந்தேன். கதவு முன்னால் நின்றதும் தட்டத்தான் முடிந்தது. பாலும் ஏலக்காயும் போட்டு, விருந்தாளிக்கு எடுக்கும் கோப்பையில் கொடுத்தாய். என் கோப்பை அலமாரியில் இருந்ததைப் பார்த்தேன்.

விழாவில் கொடி ஏறியபோது எல்லாரும் அழுதார்கள், நானும் அழுதேன். பக்கத்தில் நின்றவன் என்னைக் கட்டிப்பிடித்து, “அழு, அழு, நல்ல நாள்தான்” என்றான்.

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. சட்டத் துறையிலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. புதுச் சட்டம் எழுதி முடிக்கும் வரை அந்தந்த ஊரில் பழைய சட்டமே நடக்குமாம். அதாவது இருபத்திரண்டாம் தேதி ஏடனில் கொடியைத் தவிர ஒன்றும் மாறவில்லை. நான் உன்னைப் பயமுறுத்தியது வீண், நீ ஓடியதும் வீண். கொஞ்சம் காத்திருந்தால் நாம் உட்கார்ந்து பேசியிருக்கலாம். பேச இன்னும் இடமிருக்கிறதா?

வாஸி


மஅல்லா, ஏடன்
23 ஜூன் 1990

மதிப்பிற்குரிய அப்துல் வாஸி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீதிபதியும் அதைத்தான் சொன்னாள். “ரெண்டு பேரும் வீணா ஓடினோம்மா” என்று சிரித்தாள். பிறகு, “உங்களுக்கு வீணாப் பட்டுதா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். கொஞ்சம் காத்திருந்தால் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு வருஷம் நான் வேறென்ன செய்துகொண்டிருந்தேன்?

அலமாரியில் பார்த்தீர்களே, உங்கள் கோப்பை, அதில் இப்போது நான் குடிக்கிறேன். பெரிய கோப்பை, காலையில் வசதியாக இருக்கிறது. அழுகை வருகிற நாளில் வருகிறது, அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. பேச இடமிருக்கிறதா என்று கேட்டீர்கள். இல்லை.

மஹ்யூபிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன், இதை அவனால் தின்ன முடியாது. நீங்கள் அனுப்பிய கொடி. ஹூரிய்யாவிடம் கொடுங்கள். கூடவே நாலைந்து நீல முக்கோணமும் வைத்திருக்கிறேன், நல்ல துணி, பிள்ளைகளுக்கு ஏதாவது தைக்கட்டும். அவள் என் பக்கம் பேசியதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஏடன்காரி இந்தத் தடவை அசையாமல் நின்றாள் என்று சொல்லுங்கள், அவளுக்குப் புரியும்.

அவள் அடைத்த இடம் அருமையான வேலை, கையால் தடவினால்கூடத் தெரியாது. ஆனால் வெயிலுக்கு எதிரே பிடித்தால் நட்சத்திரம் அப்படியே தெரிகிறது. கொடியை வெளியே கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஷஃபீகா